மாற்றுச் சட்டை

டாக்டர் வாண்டுவின் முன்கையில் பேனாவால் சின்னச் சின்னக் கோடுகள் போட்டு, ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு ஒவ்வாமைச் சோதனை மருந்து வைத்து, ஊசி முனையால் லேசாகக் கீறிவிட்டு, கொஞ்ச நேரம் சொறியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது நடக்கிற காரியமா? அம்மாவான அவள், மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்த கதையை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தூசி, பூஞ்சை, கரப்பான், பூனை, நாய் என்று ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு பெயர் இருந்தது. மற்றவை கொசுக்கடி மாதிரி சிவந்து அடங்கிவிட்டன. ஒன்று மட்டும் தடித்துத் தடித்துச் சட்டைப் பொத்தான் அளவுக்கு எழும்பி நின்றது. டாக்டர் திரும்பி வந்து ஒரு சின்ன ஸ்கேலை அதன்மேல் வைத்துப் பார்த்தார்.

"வீட்ல நாய் இருக்கா?"

"ரெண்டு இருக்கு" என்று வாண்டுதான் பெருமையாகச் சொன்னாள். பிறகு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரால டாக்டர், கோந்தாலயா, மேனேஜராலயா?" என்று கேட்டாள்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை.

இரண்டும் தம்பியின் நாய்கள். தம்பி என்றால் அவளுடைய சொந்தத் தம்பி. ஆனால் தெருவில் எல்லோருக்குமே அவன் தம்பிதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவள் சலவைக் கடையில் துணி வாங்கி வைக்கிற வேலைக்குச் சேர்ந்து அவனை ஆளாக்கினாள். கல்யாணப் பேச்சு வந்தபோது, தம்பியும் கூட வருவான், அதற்குச் சம்மதமென்றால் மேற்கொண்டு பேசலாம் என்று முகத்துக்கு நேரே சொன்னவள் அவள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அந்த மனிதர், வேன் நிறைய ஊரார் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறேன், வீட்டில் ஒரு ஆளுக்கு இடம் இருக்காதா என்று சிரித்தார். சொன்னபடியே நடந்தும் கொண்டார்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். பழைய கட்டடம் ஒன்றில் லிஃப்ட் குழிக்குள் இறங்கியபோது, எண்ணெய்க்கும் குப்பைக்கும் நடுவில் கண் திறக்காத குட்டி ஒன்று கிடந்ததைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். கீழே விட்டால் அழும், விட்ட இடத்திலிருந்து ஊர்ந்து வந்து காலோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் கோந்து. மேனேஜர், பக்கத்து வீட்டைக் காலி செய்துகொண்டு போனவர்கள் விட்டுவிட்டுப் போனது. வாசலில் உட்கார்ந்து, வருகிறவரை எல்லாம் லீவு கேட்டு வந்தவரைப் பார்ப்பது போலப் பார்க்கும். வாண்டு பிறப்பதற்கு முன்னாலேயே இரண்டும் வீட்டில் இருந்தன. அவள் தவழ்ந்தபோது கோந்தும் பக்கத்தில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு தவழ்ந்தது. முதன்முதலாக எழுந்து நின்றது மேனேஜரின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான். பிறந்ததிலிருந்து இருந்த இருமலைச் சளி சளி என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் எடுத்த எடுப்பில் நாய்களை அனுப்பச் சொல்லவில்லை. படுக்கிற அறைக்குள் விடாதீர்கள், வாரம் தவறாமல் குளிப்பாட்டுங்கள், போர்வை உறைகளை வெந்நீரில் துவையுங்கள், பம்ப் மருந்தை ஒரு வேளையும் விடாதீர்கள், பார்ப்போம் என்றார். வீட்டுக்கு வந்து அவள் சொல்லச் சொல்ல, தம்பி தலையைக் குனிந்தபடி கேட்டான். அன்றைக்கே நாய்களைத் தன் பின்னறைக்கு மாற்றினான். கூடத்தில் கிடந்த கம்பளத்தைச் சுருட்டி வெளியே போட்டான். வாரா வாரம் இரண்டையும் பிடித்து வைத்துக் குளிப்பாட்டினான். மேனேஜர் அந்த அவமானத்தைப் பொறுத்துக்கொள்ள மாட்டாமல் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். பம்பை ஒரு பிளாஸ்டிக் குடுவையில் செருகி மூக்கோடும் வாயோடும் அழுத்திப் பிடிக்க வேண்டும். யார் பிடித்தாலும் வாண்டு முகத்தைத் திருப்புவாள். தம்பி பிடித்தால் மட்டும் சமர்த்தாக உட்காருவாள். லிஃப்ட் மேல போகுது, மேல போகுது, நில்லு, கதவு திறக்கட்டும், இப்ப கீழ வருது என்று அவன் சொல்ல, அவள் மூச்சை இழுத்து, நிறுத்தி, விடுவாள். அப்படியே சில மாதங்கள் ஓடின. சமாளித்துவிடலாம் என்றே எல்லோரும் நம்பினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் ஓயாமல் வேலை பார்த்த தம்பி அடித்துப் போட்டது போலத் தூங்கிக்கொண்டிருந்தான். வாண்டுவின் சத்தம் கேட்டு வெகு நேரமாகிவிட்டது என்று தோன்றியதும் அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். பின்னறையில், தம்பியின் கட்டிலுக்குக் கீழே, இரண்டு நாய்களுக்கும் நடுவில் வாண்டு கிடந்தாள். கோந்தின் கழுத்து ரோமத்துக்குள் முகத்தைப் புதைத்துத் தூங்கியிருக்கிறாள். இப்போது தூங்கவில்லை. கண் திறந்திருந்தது. தொண்டைக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு வெளிறி நீலம் பாய்ந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்வதற்கு மூச்சு இல்லை.

வேனில்தான் கொண்டு போனார்கள். பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, குடுவையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவள் வழி நெடுக வாய்க்குள் முணுமுணுத்தபடியே போனாள். என்ன முணுமுணுத்தாள் என்று பிறகு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து, புகை மருந்து கொடுத்து, கையில் ஊசி ஏற்றி, பிள்ளை நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்குத் தம்பியின் நினைவு வந்தது. வெளியே வந்து பார்த்தாள். வார்டுக்குள் வராமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். எழுந்து ஓடிவந்த அதே சட்டை. மடியில் ஒரு காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு, சட்டையில் ஒட்டியிருந்த நாய் மயிரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அதில் போட்டுக்கொண்டிருந்தான். உள்ள வாடா என்று கூப்பிட்டாள். இன்னும் இருக்குக்கா என்று சொல்லிவிட்டுக் குனிந்து தேடத் தொடங்கினான்.

நாய்களை அனுப்பிவிடத்தான் வேண்டும் என்று டாக்டர் சொன்னதை, பிள்ளை வீடு திரும்பிய பிறகு யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. பிள்ளை இல்லாத நேரமாகப் பார்த்துத் தம்பியே பேச்சை எடுத்தான். செருப்பைத் துடைத்துக்கொண்டே, சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னான்.

"அக்கா, கம்பெனில ஒரு ரூம் தர்றாங்களாம். வேலைக்குக் கிட்ட. அங்க போயிடலாம்னு பாக்குறேன்."

"எப்ப?" என்றாள் அவள்.

அந்த ஒரு வார்த்தைதான். ஏன் என்று கேட்டிருக்கலாம். ரூமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், வேற வழி பாப்போம் என்று சொல்லியிருக்கலாம். அவன் எப்படியும் போயிருப்பான், ஆனாலும் சொல்லியிருக்கலாம். மனதுக்குள் அதெல்லாம் இருந்தது. அதையெல்லாம் முந்திக்கொண்டு அந்த வார்த்தை வெளியே வந்து விழுந்துவிட்டது. தம்பி ஒரு நொடி செருப்பைத் துடைப்பதை நிறுத்தினான். பிறகு, இந்த வாரமே போயிடுறேன்க்கா என்றான்.

விஷயம் தெரிந்து அவளுடைய கணவர்தான் கத்தினார். ரூம் கொடுக்கிற கம்பெனியா அது, அவன் பொய் சொல்றான்னு உனக்குத் தெரியலையா என்றார். தெரியும் என்றாள். தம்பி கிளம்பிய அன்று மூட்டை முடிச்சையும் நாய்களையும் அவரே வேனில் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். வந்ததும் வேன் சீட்டை எல்லாம் கழற்றிப் போட்டு இருட்டும் வரை கழுவிக்கொண்டிருந்தார்.

நாய்கள் போன மறுநாளே இருமல் நின்றுவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். நிற்கவில்லை. சுவரிலும் மெத்தையிலும் ஒட்டியிருப்பது போக மாதக்கணக்காகும் என்று டாக்டர் சொன்னார். திரைச்சீலைகளைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு போய்த் துவைத்தாள். பின்னறைச் சுவரைத் தேய்த்துக் கழுவினாள். கட்டிலை நகர்த்தினால் மயிர், மின்விசிறியைத் துடைத்தால் மயிர், தையல் பெட்டியைத் திறந்தால் அதற்குள்ளும் ஒன்று. ஒவ்வொன்றாக எடுத்து ஈரத் துணியில் வைத்து மடித்தாள். அப்போதெல்லாம், போனவர்கள் போகாமல் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள் என்று தோன்றும். அதில் ஆறுதலும் இருந்தது, எரிச்சலும் இருந்தது.

வாண்டு சில நாள் அம்மாவோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னும்போது, நான் நல்லாயிட்டா மாமா திரும்பி வருவாங்களா என்று கேட்டாள். வருவாங்க என்று சொல்லிவிட்டாள் அவள். அது எத்தனை பெரிய தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து வாண்டு இருமுவதை நிறுத்திவிட்டாள். அதாவது, பிறர் காதில் விழும்படி இருமுவதை. மூச்சு இழுக்கிற நாட்களில் தலையணையைக் கட்டிக்கொண்டு அதற்குள் இருமினாள். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் இருமினாள். கையும் களவுமாகப் பிடித்தபோது, கண்ணில் நீர் முட்ட, "நான் இருமலம்மா, தொண்டைய சரி பண்ணேன்" என்றாள். அவள் பிள்ளையை இழுத்து அணைத்து, முதுகில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே பூனைக்குட்டி கத்துவது போலச் சன்னமாக ஒரு சீழ்க்கைச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. மாமா வருவதும் வராததும் உன் இருமலில் இல்லை என்று எடுத்துச் சொன்னாள். பிள்ளை நம்பியதாகத் தெரியவில்லை.

தம்பி விடுமுறை நாளில் வந்து போனான். நேராக வீட்டுக்கு வரக்கூடாது. அதை யார் முதலில் சொன்னார்கள் என்று இப்போது சொல்ல முடியாது, தானாகவே அப்படி ஆகிவிட்டது. முதலில் சலவைக் கடைக்கு வருவான். அங்கே அவள் அவனுக்கென்று ஒரு சட்டையும் பேன்ட்டும் துவைத்துத் தேய்த்துப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருப்பாள். கடையின் பின்பக்கக் குழாயடியில் குளித்து, அதைப் போட்டுக்கொண்டு, போட்டு வந்ததை அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். ஆபரேஷன் தியேட்டருக்குப் போற டாக்டர் மாதிரி இருக்கேனா என்று கடை முதலாளியிடம் கேட்டுச் சிரிக்க வைப்பான். அவன் கொடுத்த துணியை மற்றவர்கள் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைப்பாள். ஊரார் துணியை எல்லாம் முகம் சுளிக்காமல் கையில் வாங்குகிறவள், கூடப் பிறந்தவனின் சட்டையை மட்டும் விரல் நுனியால் பிடித்துத் தண்ணீரில் போடுவாள்.

வாண்டு தேறினாள். அடுத்த மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வரவில்லை. பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்தாள். கடைசி வரை ஓடி வந்தாள். அதைச் சொன்னதும் தம்பி, சரியாத்தான் போச்சுக்கா, நான் கிளம்பினது என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான். அதற்குப் பிறகு அவன் வருவது குறைந்தது. இந்த வாரம் ஒரு லிஃப்ட் நின்று போய்விட்டது, அடுத்த வாரம் மேனேஜருக்கு உடம்பு சரியில்லை. உறைக்குள் சட்டை மடிப்புக் கலையாமல் தொங்கியது.

ஒரு நாள் மதியம் கடைக்கு அவனிடமிருந்து போன் வந்தது. மேனேஜர் போயிட்டான்க்கா என்றான். சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னாள். போனை வைத்ததும் அவள் மனதில் முதலில் எழுந்தது, ஒன்று குறைந்தது என்பதுதான். கையிலிருந்த யாரோ ஒருவரின் சட்டைக் காலரை அழுக்கு இருக்கிறதா என்று அவள் வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு முதலாளியிடம் சொல்லிக்கொண்டு தம்பி இருக்கிற இடத்துக்குக் கிளம்பினாள். பள்ளிக்கூட வேலை முடிந்ததும் அங்கே வந்து தன்னை ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கணவருக்குத் தகவல் சொன்னாள்.

இத்தனை நாளில் அவள் அங்கே ஒரு தடவைகூடப் போனதில்லை. தன் துணியில் நாய் மயிர் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும் என்ற பயம். அது ரூம் இல்லை. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மோட்டார் அறைக்குப் பின்னால் தகரம் போட்டு மறைத்த இடம். தம்பி மேனேஜரைப் புதைத்துவிட்டு வந்திருந்தான். நகக்கண்ணில் மண் இருந்தது. இருந்த ஒரே நாற்காலியை ஈரத் துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்து அவளுக்கு நகர்த்தினான். அவள் அதில் உட்காராமல் படியில் உட்கார்ந்தாள். கோந்துக்கு மூக்கெல்லாம் நரைத்திருந்தது. வந்து மோந்து பார்த்துவிட்டு, பழைய ஆள்தான் என்று கண்டுகொண்டு, அவள் பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

"வீட்டுக்கு வந்துடுடா" என்றாள்.

"கோந்து இருக்கேக்கா."

"அதுக்கப்புறமாவது..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. தம்பி கோபப்படவில்லை. குனிந்து நாயின் காதை மெதுவாக நீவிவிட்டான்.

"அதுக்குக் காது நல்லா கேக்கும்க்கா" என்றான்.

வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. இறங்கக்கூடாது என்று சொல்லித்தான் கணவர் பிள்ளையைக் கூட்டி வந்திருப்பார் போலிருக்கிறது. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்க, கடைசி சீட்டில் வாண்டு மட்டும் புத்தகப் பையோடு உட்கார்ந்திருந்தாள். மாமாவைப் பார்த்ததும் சீட்டில் மண்டியிட்டு, கண்ணாடியில் முகத்தை அழுத்தினாள். கோந்து எழுந்தது. பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்து போய், வேனுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. தம்பி அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிள்ளையின் முகத்துக்கு நேராகப் பிடித்தான். உள்ளே வாண்டு ஏதோ சொன்னாள், வெளியே கேட்கவில்லை. அவள் மூச்சுப் பட்டுக் கண்ணாடியில் ஒரு வட்டம் வெள்ளையாகப் படர்ந்தது. சட்டைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள், மறுபடி படர்ந்தது. இந்தப் பக்கம் நாயின் மூக்குக்கு முன்னாலும் அதே இடத்தில் ஒரு சின்ன வட்டம். அம்மா தூறலில் நனைந்தபடி, வேனில் ஏறாமல், பிள்ளையின் பக்கத்து வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது விரிந்து, சுருங்கி, விரிந்து, சுருங்கி, ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.