இமெல்டாவின் கடைசிச் சிவப்பு ஒயின்

என் அக்கா இமெல்டா இறந்து ஏழு மாதம் கழித்து, பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், அவள் கணவன் ரெக்ஸ் எனக்குப் போன் செய்தான்.

"நோரீன், ஒயினை பாட்டில்ல அடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாய் குடிச்சுப் பார்த்துச் சொல்லேன்."

"நான் ஸ்கூல் பஸ் ஓட்டுறவ. எனக்கென்ன தெரியும்?"

"அக்கா மூக்குல பாதியாவது உனக்கு இருக்காதா?"

கிளேர் மலைச்சரிவில் அவர்களுக்கு இருப்பது சிறிய திராட்சைத் தோட்டம். வருடத்துக்கு ஆறு பீப்பாய் ஒயின்தான். எங்கள் பக்கம் பிப்ரவரி கோடைக்காலம்; நான் போனபோது தகரக் கொட்டகைக்குள் வெயில் கொதித்தது. ரெக்ஸ் சலவைச் சட்டை போட்டு, மேசையில் இரண்டு கிளாஸைத் துடைத்து வைத்திருந்தான். முதல் பீப்பாயில் கண்ணாடிக் குழாயை விட்டு ஒயினை எடுத்து ஊற்றினான். அக்காவும் அவனும் சேர்ந்து பறித்த கடைசி அறுவடை அது. நிறம் நன்றாகத்தான் இருந்தது.

கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி மூக்கில் ஏறியது. ஒரு வாய் குடித்தேன். வினிகர்.

ரெக்ஸும் தன் கிளாஸை ஆழமாக முகர்ந்தான். அவன் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி இருக்கு?"

"ரெக்ஸ், உனக்கு இந்த வாடை தெரியலையா?"

அவன் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தான்.

"ரெண்டு வருஷமா எந்த வாடையும் தெரியலை. ஒரு காய்ச்சல் வந்து போனதுக்கு அப்புறம் காப்பியும் சேறும் எனக்கு ஒண்ணுதான். இமெல்டாவுக்கு மட்டும்தான் தெரியும். முகர்ந்து பார்த்து, என்ன செய்யணும்னு அவ சொல்வா. நான் செய்வேன்."

"லேபுக்கு அனுப்பியிருக்கலாமே?"

"அனுப்பினா கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சிடுமேன்னு பயம். அவ போனதுக்கப்புறம் மூணு மாசம் இங்க வரவே இல்லை நோரீன். பீப்பாய் குறையக் குறைய, காத்து புகுந்து புளிக்காம நிரப்பணும். நிரப்பலை. இந்தக் கதவைத் திறக்கவே முடியலை என்னால."

மீதி ஐந்தையும் முகர்ந்து பார்த்தேன். ஒன்றாவது தப்பியிருக்காதா என்று ஒவ்வொன்றையும் இரண்டு முறை முகர்ந்தேன். ஆறாவது பீப்பாயில் பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"இதுவுமா?" என்றான்.

"இதுவும்தான்."

சாயங்காலம் இருவருமாக அடைப்புகளைத் தட்டி எடுத்து, பீப்பாய்களை ஒவ்வொன்றாக உருட்டிக் கவிழ்த்தோம். வாய்க்கால் சிவந்து ஓடியது. ரெக்ஸ் அழவில்லை. நான்தான் அழுதேன்.

கடைசிப் பீப்பாய் பாதி காலியானபோது அவன் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தான்.

"டேய், குடிக்காதேடா, கெட்டுப்போனது!"

"அவ பறிச்ச பழம் நோரீன்," என்றான். "எனக்கு எல்லாம் ஒண்ணுதானே."

அந்த வருடம் அவன் கொடிகளுக்கு வலை போடவில்லை. மார்ச் முழுவதும் பழங்களைக் குருவிகள் தின்றன. ஏப்ரலில் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை என்னிடம் கொடுத்தான்.