சளி பிடித்த பி-ஃப்ளாட்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், என் பத்து விரல்களும் இந்தக் கணமே விறகாகப் போகட்டும்.

முப்பத்தோரு வருடம் ஓர் ஏழு மாடி ஓட்டலின் வரவேற்புக் கூடத்தில் பியானோ வாசித்தேன். எந்தக் கல்லூரி வாசலையும் மிதித்தவனில்லை. என் வாத்தியார் லிஃப்ட்.

சிரிக்காதீர்கள். பியானோவுக்குப் பின்னால் நாலடியில் லிஃப்ட். கதவு திறக்கும்போதெல்லாம் மணி 'டிங்' என்னும். அந்த டிங், பி-ஃப்ளாட் என்கிற ஸ்வரம். சுத்தமானதுகூட இல்லை, சளி பிடித்த பி-ஃப்ளாட். நாளைக்கு நானூறு தடவை. நான் எதை வாசித்தாலும் முடித்துவைக்கப்போவது அந்த லிஃப்ட் மகராசிதான் என்று முதல் வாரமே புரிந்துவிட்டது. ஆகவே எல்லாப் பாட்டையும் அவளுக்கு ஒத்துப்போகிற சுருதிக்கு மாற்றிக்கொண்டேன். கதவு திறக்கும், டிங் என்னும், அது பாட்டோடு பாட்டாகப் போய் உட்காரும். இறங்குகிறவர் தனக்காகவே வாசித்ததாக நினைத்து வணங்குவார். ஒருவர் எனக்குக் கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

போன வருடம் புது மேலாளர் வந்தார். டையை இறுக்கியதில் மூளைக்குப் போக வேண்டியது கழுத்தோடு நின்றுவிட்ட மனிதர்.

"சார், உங்க ஃபைல்ல சர்ட்டிஃபிகேட் இல்லையே?"

"என்ன சர்ட்டிஃபிகேட்?"

"மியூசிக் டிகிரி. தலைமை ஆபீஸ்ல புது விதி. ஒண்ணாம் தேதியிலேருந்து டிகிரி இருக்கறவங்கதான் அந்த ஸ்டூல்ல உக்காரலாம்."

"ஸ்டூல் என்னை இதுவரைக்கும் ஒண்ணும் கேக்கலையே, தம்பி."

"விதி சார்."

எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. குளத்தின் நடுவில் நீந்திக்கொண்டிருப்பவனைக் கரைக்குக் கூப்பிட்டு, நீந்தத் தெரியும் என்று எழுதி வாங்கி வா என்றால் என்ன அர்த்தம்? மூழ்கட்டும் என்று அர்த்தம்.

வீட்டில் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த என் மனைவி தலையை நிமிர்த்தவில்லை.

"அந்த டிரங்குப் பெட்டியைத் தொறந்தா முடிஞ்சுபோற விஷயம்."

"அதுல கரப்பான் இருக்கு."

"கரப்பான் இல்ல, உங்க வீம்பு இருக்கு."

அது என் காதில் விழவில்லை. என் காது இசைக்கு மட்டும்தான்.

ஒன்றாம் தேதி என் ஸ்டூலில் ஒரு பட்டதாரிப் பெண் உட்கார்ந்தாள். ஒரு கொண்டை, இரண்டு பட்டம். சோபாவில் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன். விரலைக் குறை சொல்ல முடியாது. பளிங்குத் தரையில் பாசிமணி கொட்டியதுபோல இருந்தது. ஆனால் அவள் ஆரம்பித்தது ஏ சுருதியில். ஏ-க்குப் பக்கத்து வீட்டுக்காரி பி-ஃப்ளாட். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று வாடகை வீட்டில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும்.

முதல் டிங்குக்கு ஒரு பெரியவரின் பல் செட் காப்பிக் கோப்பைக்குள் குதித்தது. இரண்டாம் நாள், கை கோத்துக்கொண்டு மேலே போன புதுத் தம்பதி கீழே வந்து தனித்தனி அறை கேட்டது. மூன்றாம் நாள் லிஃப்ட்டே இரண்டாவது மாடிக்குக் கீழே இறங்க மறுத்துவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்து, மெஷினில் கோளாறு இல்லை, மனசில்தான் என்று எழுதிக் கொடுத்தார்.

நான்காம் நாள் அந்தப் பெண் என் வீட்டுக் கதவை உடைக்காத குறையாகத் தட்டினாள்.

"லிஃப்ட்டை என்ன பண்ணி வெச்சீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. அது பிறவிக் குரல்."

ஒரு நொடி யோசித்தாள். புரிந்துகொண்டாள். உடனே கோபம் வேறு பக்கம் திரும்பியது.

"ஆறு வருஷம் சார்! முந்நூறு வருஷத்துக்கு முந்தி செத்தவர் எந்த மையில எழுதினார்னு பரீட்சை எழுதினேன். லிஃப்ட் பத்தி ஒரு பாடம் இல்ல. பட்டத்தைத் தூக்கிட்டு எங்க போனாலும் 'அனுபவம் இருக்கா'ங்கறானுங்க!"

"என்கிட்ட அனுபவம் இருக்கு. காகிதம் எங்கங்கறானுங்க."

"ரெண்டையும் வெச்சிருக்கறவனைக் கேட்டா?"

"வயசாயிடுச்சும்பானுங்க."

அரை மணி நேரம் இருவரும் ஒரே ஆட்களைத் திட்டினோம். சுகமாக இருந்தது. அவள் வசவில் இலக்கணம் அதிகம், என்னுடையதில் தாளம். மறுநாளே அவள் வேலையை விட்டுவிட்டாள்.

அதற்கு மறுநாள் மேலாளர் வந்தார். டை தளர்ந்திருந்தது.

"சார், உடனே வந்துடுங்க. லிஃப்ட் கீழ வர மாட்டேங்குது."

"விதி?"

"விதி அப்படியேதான் இருக்கு. ஃபைலுக்கு ஏதாவது ஒரு காகிதம் குடுத்துடுங்க. எந்தக் காலேஜா இருந்தா என்ன? நான் படிச்சுக்கூடப் பாக்க மாட்டேன்."

படித்துக்கூடப் பார்க்க மாட்டாராம்! முப்பத்தோரு வருடத்தைக் காது கொடுத்துக் கேட்க ஆள் இல்லை. சரி, காகிதத்தையாவது கண்ணால் பார்ப்பார்கள் என்றால் அதுவும் இல்லை. பிறகு எந்த எழவுக்கு அது?

என் மனைவி டிரங்குப் பெட்டிச் சாவியை ஓசைப்படாமல் மேசைமேல் வைத்தாள். நான் அதை எடுத்து ஜன்னலுக்கு வெளியே வீசினேன்.

"போய்ட்டு வாங்க, தம்பி. படியில இறங்கிப் போங்க. நல்லது."

இப்போது என் ஸ்டூல்மேல் ஒரு ஸ்பீக்கர் பெட்டி உட்கார்ந்து நாள் முழுக்கப் பாடுகிறது. அதனிடம் யாரும் டிகிரி கேட்கவில்லை.

டிரங்குப் பெட்டியில், அந்தப் பெண் படித்த அதே கல்லூரியில் நான் வாங்கிய இசைப் பட்டம் இருக்கிறது, முதல் வகுப்பு.