மிதவை என்று நினைத்துச் சுற்றியது

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. அக்கா வீட்டுச் சமையலறையில், அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னதைக் கேட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திருட்டு இல்லை, அனுமதி வாங்கினேன்.

"எழுதிக்கவாக்கா?"

"எழுதிக்கோ. ஆனா முடிவு நல்லபடியா இருக்கணும்."

சரி என்று தலையாட்டினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் கடலில் போனதே இல்லை. ஊஞ்சலில் உட்கார்ந்தாலே எனக்கு வயிற்றைப் புரட்டும். இந்த லட்சணத்தில் நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். மெச்சுவதானால் மெச்சுங்கள், சிரிப்பதானால் சிரியுங்கள். பாதியில் எழுந்து மட்டும் போகாதீர்கள்.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. எழுதி அடித்தவற்றை மறைக்காமல் வைக்கிறேன்.

"கடல் அன்று கண்ணாடிபோல..." (எழுத்தாளர்களின் கடல் எப்போதும் கண்ணாடிதான். போதும்.)

"ஆழத்தில் ஏதோ ஒன்று அவர்களுக்காகக் காத்திருந்தது..." (பேய்க்கதை ஆகிறது. அதோடு, அவர்களுக்காகத்தான் வந்ததா என்பதே இங்கே கேள்வி. முதல் வரியிலேயே பதில் சொன்னால் எப்படி?)

"பல் மருத்துவரான என் அத்தான் ஒரு படகுப் பந்தயத்தில்கூட ஜெயித்ததில்லை." இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

அத்தானிடம் ஒரு சின்னப் பாய்மரப் படகு இருக்கிறது. இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆள் வந்தால் சண்டை வரும். வாரம் முழுக்கப் பல் பிடுங்குவார், ஞாயிற்றுக்கிழமை படகு மன்றத்துப் பந்தயத்துக்குப் போவார். துறையிலிருந்து கிளம்பி, கடலில் போட்டிருக்கும் மிதவைகளை இடப்பக்கம் விட்டுச் சுற்றிக்கொண்டு திரும்பி வரவேண்டும். ஒரு மிதவையை விட்டுவிட்டால் திரும்பிப் போய்ச் சுற்றிவிட்டுத்தான் வரவேண்டும். ஒருமுறை அத்தான் ஒன்றை விட்டுவிட்டார். மன்றமே கேலி செய்து தீர்த்தது. அதிலிருந்து அவருக்கு ஒரு வியாதி. தண்ணீரில் குச்சி ஒன்று நட்டுக்கொண்டு நின்றால் போதும், சுற்றிவிட்டுத்தான் மறுவேலை.

3

அக்காவுக்குப் படகு பிடிக்காது. "காசு குடுத்து நனையணுமா?" என்பாள். ஆனால் பாப்பா கடற்படையில் சேர்ந்து நீர்மூழ்கிக்குப் போனபிறகு ஒரு ஞாயிறுகூட அவள் தவறவிட்டதில்லை. கடலோரம் நிற்பதைவிடக் கடல்மேல் இருந்தால் மகளுக்குக் கொஞ்சம் பக்கம் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

பாப்பா என்றதும் குழந்தை என்று நினைக்க வேண்டாம். அக்காவின் ஒரே மகள், கல்யாண வயது தாண்டியவள், என்னைவிட உயரம். அவளுடைய வேலை கேட்பது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, தலைக்கு மேலே போவது சரக்குக் கப்பலா, திமிங்கலமா என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான் எங்களிடம் சொன்னாள். எங்கே போகிறாள், எப்போது வருவாள் என்பதெல்லாம் பெற்ற தாய்க்கும் சொல்லக் கூடாத சமாச்சாரம்.

அவள் கிளம்பிய அன்று அக்காவுக்குக் கோபம். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். பாப்பா வெளியே நின்று, "அம்மா, போயிட்டு வரேம்மா" என்றாள். தண்ணீர் கொட்டும் சத்தம்தான் பதில். பாப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அக்கா "போயிட்டு வா" என்று சொல்லவில்லை.

(இந்த இடத்தில் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு தாய் இப்படிச் செய்வாளா? வாசகர் நம்புவாரா? அக்காவிடம், "குளியலறையை எடுத்துடவா? வாசல்ல நின்னு அழுதேன்னு மாத்திடறேன்" என்றேன். "மாத்தாத. அதான் நடந்தது" என்றாள். மாற்றவில்லை.)

வருவாள் என்று நாங்கள் குத்துமதிப்பாக நினைத்திருந்த மாதம் வந்து, போயும் விட்டது. அக்கா கடற்படை அலுவலகத்துக்குப் போன் செய்தால் ஒரு பெண் மிகவும் மரியாதையாக, "தகவல் இருந்தா நாங்களே கூப்பிடுவோம்மா" என்கிறாள். அந்த மரியாதைதான் அக்காவைப் பயமுறுத்துகிறது.

4

இனி நடந்ததற்கு வருகிறேன்.

அந்த ஞாயிறு பந்தயத்தில் பாதி வழியில் மூட்டம் இறங்கியது. முன்னால் போன பாய்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அத்தான் வழி தவறிவிட்டார். தவறிவிட்டேன் என்று அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ரொம்ப நேரம் போனபிறகு தண்ணீரில் ஒரு கம்பம் தெரிந்தது. கை தடிமன் இருக்கும். நேராக நின்றது.

"பாத்தியா! நான்தான் முதல்ல வந்திருக்கேன். ஒருத்தனையும் காணோம் பாரு!"

"மிதவைன்னா ஆரஞ்சு கலர்ல உருண்டையா இருக்குமேங்க?"

"காத்துல கழண்டு போயிருக்கும்."

"அது நகருது."

"நாமதான் நகர்றோம். கடல்ல அப்படித்தான் தெரியும். உனக்கு என்ன தெரியும்?"

அத்தான் முறைப்படி இடப்பக்கம் விட்டு, சுத்தமாக ஒரு சுற்று சுற்றினார். வாழ்நாளில் அவ்வளவு அழகாக அவர் எந்த மிதவையையும் சுற்றியதில்லையாம். அப்போது கம்பத்தின் தலைப்பகுதி மெதுவாகத் திரும்பியது. அதில் கண்ணாடி இருந்தது. அது அக்காவைப் பார்த்தது.*

(* நீர்மூழ்கி வெளியே வருமுன் மேலே யாராவது இருக்கிறார்களா என்று நோட்டம் பார்க்கும் குழாய் அது. எஞ்சின் படகு என்றால் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பாய்மரப் படகு லேசில் காதில் விழாது. அதாவது, என் அத்தான் மோதியிருக்கவும் வாய்ப்பு இருந்தது. இதை அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள்.)

கம்பம் உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு சற்றுத் தள்ளி,

"மலைபோல எழுந்து..."

"ராட்சத மிருகம் ஒன்று..."

முடியவில்லை. பார்க்காதவன் எழுதினால் இப்படித்தான். அக்கா சொன்னதை அப்படியே தருகிறேன். "கடலுக்கு முதுகு இருக்குன்னு அன்னைக்குத்தான்டா தெரிஞ்சுது."

முதலில் தண்ணீர் மேடானது. மேடு பிளந்து கறுப்பாக ஒன்று வந்தது, வந்துகொண்டே இருந்தது. இதோ முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்துக்குப் பின்னாலும் இன்னும் வந்தது. ஜன்னல் இல்லை, பெயர் இல்லை, எண் இல்லை. அது முழுக்க வெளியே வந்து நின்றபிறகும் இரண்டு பக்கமும் தண்ணீர் வழிவது நிற்கவில்லை. காற்றை அது மறைத்துக்கொண்டதால் அத்தானின் பாய் துவண்டுபோனது. நாள் முழுக்க ஊரையே வாயைத் திறக்கச் சொல்கிற மனிதர், தன் வாயை மூட மறந்து உட்கார்ந்திருந்தார். பயமாக இருந்ததா என்று அக்காவிடம் கேட்டேன். "பயமா? கும்பிடணும்போல இருந்துச்சு" என்றாள். சொல்லும்போது அவள் கையில் மயிர் கூச்செறிந்தது. எனக்கும்தான், வெங்காய நெடியில் உட்கார்ந்தபடியே.

5

முதுகின்மேல் இருந்த கோபுரத்தில் ஒரு தலை தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதில் ஒருவர் கையை உயர்த்தி ஆட்டினார். அத்தானைக் கேட்டால், "விலகிப் போங்கன்னு விரட்டினான்" என்பார். அக்காவைக் கேட்டால், "கையாட்டுச்சு" என்பாள். இந்த விஷயத்தில் இருவருக்கும் இன்னும் பேச்சுவார்த்தை சுமுகமாக இல்லை.

படகில் எழுந்து நிற்கக் கூடாது. அக்கா எழுந்து நின்றாள்.

"பாப்பா! போயிட்டு வாடி! போயிட்டு வா!"

தலைகள் உள்ளே போயின. அந்தக் கறுப்பு முதுகு கொஞ்ச தூரம் நகர்ந்து, மெல்ல இறங்கியது. அக்கா தொண்டை கட்டும்வரை கத்தினாள்.

"மேல கத்தினா உள்ள கேக்காதும்மா" என்றார் அத்தான். "தண்ணிக்குள்ள போற சத்தம்தான் கேக்கும்."

அக்கா படகின் தரையில் குப்புறப் படுத்துவிட்டாள். அடியில் தேங்கியிருந்த உப்புத் தண்ணீரில் கன்னம் நனைய, பலகையில் வாயை வைத்துச் சொன்னாள். போயிட்டு வாடி தங்கம். போயிட்டு வா. அத்தான் பாயை இறக்கிச் சுருட்டிக் கட்டினார். அது படபடத்தால் சத்தம் கலந்துவிடுமாம். பந்தயம் என்ன ஆயிற்று என்று அவர் அப்புறம் யாரிடமும் கேட்கவில்லை.

6

முடிவுகள்.

முதலாவது. பாப்பா அதில்தான் இருக்கிறாள். காதுக் கருவியில் எங்கிருந்தோ அம்மாவின் குரல். (எழுதிவிட்டு நானே அழுதேன். மறுநாள் படித்தால், உலகத்தில் நீர்மூழ்கியே அது ஒன்றுதானா என்று கேட்கத் தோன்றியது.)

இரண்டாவது. அது வேறு ஏதோ நாட்டுக் கப்பல். உள்ளே ஒருவருக்கும் அந்த வார்த்தை புரியவில்லை. (நம்பும்படி இருக்கிறது. ஆனால் இதை அச்சில் போட்டுவிட்டு அக்கா வீட்டில் எந்த முகத்தோடு சாப்பிட உட்காருவேன்?)

மூன்றாவது. பாப்பா விடுமுறைக்கு வருகிறாள். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏம்பா, அது மிதவையான்னு பாக்காமலா சுத்துவீங்க?" என்று வாய்தவறிக் கேட்கிறாள். (கைதட்டு கிடைக்கும். அதனாலேயே சந்தேகம். எங்கள் பாப்பா வாய்தவறும் ஜாதி இல்லை, சின்ன வயதிலிருந்தே அமுக்குணி.)

மூன்றையும் போனில் அக்காவுக்கு வாசித்தேன்.

"முதல்ல சொன்னதையே போடேன்டா" என்றாள்.

"போட்டுடறேன். அப்புறம் அவ வந்து, நான் அந்தக் கப்பல்லயே இல்லம்மான்னு சொன்னா?"

"வந்து சொல்லட்டும்" என்றாள் அக்கா. "வந்தா போதும்."

அதற்குப் பிறகும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

7

இதை எழுதுகிற இன்றுவரை பாப்பா திரும்பவில்லை.

இத்தனை வருஷ எழுத்தில் எத்தனையோ பேரைக் கூசாமல் கொன்றிருக்கிறேன், எத்தனையோ பேரை வீடு கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். "பாப்பா வந்தாள்" என்ற இரண்டே வார்த்தை எழுத இன்று கை வரவில்லை. முந்திக்கொண்டு எழுதிவிட்டால் நடக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. பகுத்தறிவு பேசுகிற ஆள்தான் நான். பேசுவது வேறு, இது அக்கா மகள்.

நீங்கள் வெளியாள். உங்களுக்கு அவளைத் தெரியாது, உங்கள் ஆசையும் இதில் கலந்திருக்காது. முன்பின் தெரியாதவர்களின் வாய் முகூர்த்தம் பலிக்கும் என்பார்கள். அதனால் தொடங்கிமட்டும் வைக்கிறேன்.

"ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டுக் கதவு..."

மிச்சத்தை நீங்கள் முடியுங்கள். மனசுக்குள் வேண்டாம், வாய்விட்டே சொல்லுங்கள். பக்கத்தில் யாராவது இருந்து ஒரு மாதிரியாகப் பார்த்தால் பார்க்கட்டும். எங்கள் வீட்டில் அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.