தோஃபுவுக்குப் பதிலாக

மேசைக்கு அந்தப் பக்கம் கேமின் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்த ஆளின் கட்டைவிரல் திடீரென்று நின்றது. சயோகோ அதைப் பார்த்துவிட்டாள். அடுத்த நொடி அவள் கண் அவர் சட்டையில் குத்தியிருந்த பெயர்ச்சீட்டுக்குப் போனது. தோகுனாகா. வந்து உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகிறது, அதற்குள் ஒரு தடவையாவது அந்தச் சீட்டைப் படித்திருக்கக் கூடாதா! படித்திருந்தால் வயிற்றுவலி என்று ஏதாவது சொல்லி மகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கே போயிருப்பாள்.

குராயோஷி நகர மன்றத்தின் மாடியறையில் மாதத்தின் முதல் ஞாயிறு பிற்பகல் பழைய வீடியோ கேம்களைப் பழுதுபார்த்துத் தருகிறார்கள். அந்தக் காலத்துக் கேம் அட்டைகளுக்குள் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் உள்ளே பிடித்து வளர்த்த பிராணிகள் அத்தனையும் போச்சு. சயோகோவின் தாய்வீட்டு அலமாரியில் அந்தக் கேமைத் தோண்டி எடுத்ததிலிருந்து பத்து வயது கொஹாருவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. "தோஃபு செத்துடும்மா" என்று ரெண்டு நாள் அழுகை. இந்த மேசைக்காரர் உள்ளே இருப்பதையெல்லாம் கணினியில் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுப் பேட்டரியை மாற்றுவாராம். யாரோ சொன்னார்கள், கிளம்பி வந்தாள். பதிவுச் சீட்டில் கணவன் வீட்டுப் பெயரை எழுதினாள். அவருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை, முகக்கவசம் வேறு.

ஆனால் கேம் மறக்குமா? பிராணியை யார் முதலில் பிடித்தார்களோ அவர்கள் வைத்ததுதான் பெயர். எத்தனை கை மாறினாலும் அதை அழிக்க முடியாது. திரையில் பளிச்சென்று நின்றது: பெயர், தோஃபு. பிடித்தவர், மசாயா.

தோகுனாகா மசாயா. அவன் அப்பா சோயாப் பாலில் தோஃபுக் கட்டி செய்து விற்கும் கடை வைத்திருந்தார். ஆறாம் வகுப்பில் அவன், பிறகு தோஃபு என்று பெயர் வைத்த அந்த வெள்ளை விலாங்கைப் பிடிக்க மழைக்காலத்தில் மூன்று வாரம் கேமின் ஒரே சதுப்பில் தூண்டில் போட்டுக் கிடந்தது வகுப்புக்கே தெரியும். அது லேசில் சிக்காது. சிக்கினாலும் தானாக உருமாறாது. கேபிள் வழியாக இன்னொருவர் கேமுக்குப் போனால்தான் அங்கே உருமாறும். அதனால் பிள்ளைகளுக்குள் ஒரு வழக்கம். நம்பிக்கையான ஆளிடம் அனுப்புவார்கள், அங்கே உருமாறியதும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். சும்மா அனுப்பக் கேம் விடாது, பதிலுக்கு ஒன்று வந்தாக வேண்டும். அதற்கென்று உதவாத பிராணி ஒன்றைக் கொடுப்பார்கள். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் பின்பக்கம்தான் கூடுவார்கள், கேபிள் வைத்திருந்தவள் சயோகோ. மசாயாவும் அவளிடம்தான் தோஃபுவை அனுப்பினான். பதிலுக்குக் கொடுக்க அப்போதே ஒரு வயல் எலியைப் பிடித்தாள். லெவல் ரெண்டு. பெயர் கேட்டது கேம். 'குப்பை' என்று அடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள், மசாயாவும்தான்.

அவள் திரையில் விலாங்கு சுருண்டது, ஒளிர்ந்தது, நீண்ட மீசையோடு ஆற்று நாகமாக எழுந்தது. சுற்றி நின்ற எட்டுப் பேரும் "சயோகோ! சயோகோ!" என்று கத்தினார்கள், என்னவோ அவளே சதுப்பில் மூன்று வாரம் நனைந்த மாதிரி. அந்தச் சத்தத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "ஒரே ஒரு நாள் இருக்கட்டும்டா, நாளைக்குத் தர்றேன்" என்று கேபிளைப் பிடுங்கினாள். மறுநாள் கேபிளை மறந்துவிட்டேன் என்றாள். அப்புறம் கோடை விடுமுறை. செப்டம்பரில் மூன்றாம் தடவையாக, வகுப்பிலேயே வந்து கேட்டான்.

"தோஃபுவக் குடுத்துடு, சயோகோ."

"அதான் மாத்திக்கிட்டோமே! உனக்குத்தான் குப்பை இருக்குல்ல, அத வெச்சு வெளையாடு."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து பள்ளி முடியும்வரை மசாயாவுக்குக் குப்பை என்றுதான் பெயர். அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டவர்களைத் தடுத்ததும் இல்லை. இருபத்தைந்து வருஷமாக இந்த இரண்டில் முதலாவதை மட்டும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள், என்ன சாமர்த்தியம்!

"மாமா, பிடிச்சவரு பேரு வேற யாரோடதோ இருக்குல்ல?" என்றாள் கொஹாரு, தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடும் பெருமையில். "அது அம்மாவோட ஃப்ரெண்டு. அம்மாவுக்குப் பரிசாக் குடுத்தாராம்."

மசாயா தலையைத் தூக்கி சயோகோவைப் பார்த்தார். ரொம்ப நேரமெல்லாம் இல்லை.

"அப்படியா" என்றார் கொஹாருவிடம். "நல்ல பரிசுதான்."

எழுந்து நின்று நாலு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. சயோகோ, மன்றத்தில் கொடுத்த பச்சைச் செருப்புக்குள் கால்விரல்களை மடக்கிக்கொண்டாள். காது மடல் சுட்டது. முகக்கவசம் இருப்பதற்கு யாருக்கோ மனசுக்குள் நன்றி சொன்னாள், சொன்னதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

"அட்டையத் திறக்கறதுக்கு முன்னாடி கேபிள் வேலை செய்யுதான்னு பாக்கணும்" என்று மசாயா தன் பையிலிருந்து ஒரு கேமை எடுத்தார். பேட்டரி மூடிக்குப் பதில் ஒட்டுப்பட்டை. "ஒரு சண்டை போடலாமா?"

"தோஃபு லெவல் அறுபத்தொண்ணு மாமா. பாவம் நீங்க."

"பாக்கலாம், பாக்கலாம்."

கேபிளை மாட்டினார்கள். கொஹாரு தோஃபுவை இறக்கினாள், ஆற்று நாகம் மீசையை ஆட்டியது. எதிர்ப்பக்கம் எழுத்து ஓடியது, அவள் உரக்கப் படித்தாள். "மசாயா, குப்பையை அனுப்பினார். மசாயாவா? மாமா, அது நீங்கதானா? அம்மா, இவருதாம்மா உன் ஃப்ரெண்டு! இங்கயே இருக்காரும்மா!"

சயோகோ கைப்பையை எடுத்துக்கொண்டு எழப் போனாள்.

அதற்குள் கொஹாரு திரையைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "ஐயோ, வெறும் வயல் எலி! இதுக்குப் போயா லெவல் நூறு?" நூறுக்கு மேல் அந்தக் கேமில் கிடையாது. வயல் எலியை ஐந்து லெவலுக்கு மேல் வளர்க்கிறவர்களும் கிடையாது. விளையாடத் தொடங்கிய அன்றே பெட்டியில் போட்டுவிட்டு மறந்துபோவார்கள். இதை நூறாக்க ஒருவன் எத்தனை பிற்பகல் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சயோகோவின் மனசு கணக்குப் போடப் போனது, பாதியில் பயந்து நின்றது.

எலி கடித்தது. தோஃபுவின் உயிர்க்கோடு பாதியாகக் குறைந்தது. திரும்பக் கடித்தது. நாகம் மடங்கித் திரைக்குக் கீழே போயிற்று.

"எப்படி மாமா?" கொஹாரு அவர் கேமை உரிமையோடு வாங்கித் தட்டினாள். எலியின் பக்கம் திறந்தது. வாசித்தவள் குரல் இறங்கியது. "பெயர், குப்பை. பிடித்தவர், சயோகோ." அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "உன் பேரும்மா. ஏம்மா இதுக்குக் குப்பைன்னு வெச்ச?"

பரிசு என்று சொல்லிய வாய்க்கு இன்னொரு பொய் கிடைக்காதா என்ன? கிடைத்தது, நுனிநாக்குவரை வந்தது. சயோகோ முகக்கவசத்தைக் கழற்றினாள்.

"அவரு எனக்கு எதுவும் பரிசாக் குடுக்கல கொஹாரு. தோஃபு உருமாறணும்னு என்னை நம்பி அனுப்பினாரு. நான் திருப்பித் தரல. கேட்டப்ப எல்லார் முன்னாடியும் அவர அவமானப்படுத்திட்டேன்." கழற்றிய முகக்கவசத்தை மடித்தாள். "குப்பைன்னு வெச்சது... ரெண்டு நிமிஷத்துல திரும்பி வந்துடும்னுதானே நெனச்சேன்."

மசாயா சின்னத் திருப்புளியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார், நிமிராமலே.

கொஹாரு சண்டையிலிருந்து வெளியே வந்து, இரண்டு கேமிலும் அவளே மாற்றிக்கொள்ளும் பக்கத்தைத் திறந்து, அவருடையதை அவர் முன்னால் வைத்தாள். கேபிளை இன்னும் யாரும் கழற்றவில்லை. ஒரு திரையில் தோஃபு, மறு திரையில் குப்பை. கீழே கேம் கேட்டது: மாற்றிக்கொள்ளலாமா? ஆம், இல்லை. கண்ணில் நீர் முட்ட அவள் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. மேசைக்கு அந்தப் பக்கம் மசாயாவின் கேமிலும் அதே கேள்வி மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கையில் எடுக்கவில்லை.