இரண்டு ஆக்ஸிலும் வெளியே

எசென்குல் வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கூப்பிட்டபோது நான் இடுப்பில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தேன். வாயால் கூப்பிடவில்லை. கையை ஆட்டினான். ஒரு கையில் போன், இன்னொரு கையில் முழங்கை வரைக்கும் கறுப்பு எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்காரன் எண்ணெய்க் கையோடு கூப்பிட்டால், காருக்கு அடியில் படுக்க இன்னொரு முட்டாள் தேவைப்படுகிறான் என்று அர்த்தம். இருபது வருஷம் சுரங்க லாரி ஓட்டி இடுப்பை ஒடித்துக்கொண்டவன் நான். சுரங்கம் மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, இடுப்பு மட்டும் இன்னும் மூடவில்லை. முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனேன்.

அவன் என்னைக் காரிடம் கூட்டிப்போகவில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், சாணம் உறைந்து கல்லாகக் கிடந்த இடத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே போனதும் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"மாமனார் போயிட்டாருண்ணே. விடியக்காலையில. மச்சான் இப்பத்தான் போன் பண்ணினான்."

"சைகாலுக்குத் தெரியுமா?" என்று அவன் மனைவியைப் பற்றிக் கேட்டேன்.

"தெரியாது. வண்டிகிட்டதான் நிக்கிறா. சாமான் எடுத்துக் குடுத்திட்டிருந்தா."

எங்களில் சாவைப் போனில் மகளிடம் சொல்ல மாட்டார்கள். ஒருவர் தனியாகப் போய்ச் சொல்வதும் கிடையாது. பெரியவர்கள் நாலு பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்து, மழை பனி என்று ஏதாவது பேசி, பிறகு அதில் மூத்தவர் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அழுகை. அதற்கு முன்னால் அழுதால் வாய்விட்டுச் சாவைக் கூப்பிட்டதுபோல. அதுவரைக்கும் சுற்றியிருக்கிறவர்கள் முகத்தைக் கழுவித் துடைத்த மாதிரி வைத்துக்கொண்டு நடமாட வேண்டும். புருஷனுக்கு ஒரே வேலைதான். அப்பாவுக்குக் கொஞ்சம் முடியவில்லை என்று சொல்லி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

"எப்ப எடுக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"இன்னைக்கே. மத்தியானத் தொழுகை முடிஞ்சதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அப்பா உடலை மூன்று நாள் கூடாரத்தில் வைத்திருந்தோம், தூரத்தில் கட்டிக்கொடுத்த அக்கா வந்து சேரும்வரை. இப்போது அப்படி இல்லை. காத்திருக்க வைப்பது இறந்தவருக்குச் செய்கிற பாவம் என்று புதிதாக மார்க்கம் படித்து வந்தவர்கள் சொல்கிறார்கள், சைகாலின் தம்பி இலியாஸ் அதில் முதல் ஆள். பெண்கள் இடுகாட்டுக்குப் போவது அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வீட்டை விட்டு எடுப்பதற்குள் போய்விட்டால் அப்பா முகத்தைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் கடைசிவரைக்கும் இல்லை. நடுவில் ஒரு கணவாய். இப்போதே கிளம்பினால் தொழுகைக்கு முன்னால் போய்விடலாம்.

"அவனுக்குப் போனைப் போடு," என்றேன்.

போட்டான். ஸ்பீக்கரில் வைத்தான். பின்னால் ஆண்கள் சத்தம் போட்டு அழுவது கேட்டது.

"இலியாஸ், அக்கா வர்ற வரைக்கும் கொஞ்சம் வைங்கடா. ஒரு மணி நேரம் முன்னப்பின்ன ஆகலாம்," என்றான் எசென்குல்.

"மாமா, என் கையில ஒண்ணும் இல்ல. பெரியவங்க முடிவு பண்ணியாச்சு. நீங்க சீக்கிரம் வாங்க. அக்காகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க."

"பெரியவங்களாம் பெரியவங்க," என்றேன் நான், அவனுக்குக் கேட்கட்டும் என்றே.

வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று அப்புறம்தான் கேட்டேன். பழைய ரஷ்யக் கார். ஒரு மாதமாகத் திரும்பும்போதெல்லாம் முன்சக்கரத்தில் கடகடவென்று சத்தம். சக்கரத்தைச் சுழற்றுகிற ஆக்ஸில் தண்டின் ரப்பர் உறை கிழிந்து மண் புகுந்துவிட்டது. அந்தச் சத்தத்தால்தான் அவன் இன்றைக்குக் கால்நடைச் சந்தைக்குப் போகவில்லை. முன்பக்கத்தைக் கட்டை மேல் ஏற்றி, கியர் பாக்ஸ் எண்ணெயை வடித்து, இரண்டு சக்கரத்தையும் கழற்றி, இரண்டு பக்கமும் நட்டு எல்லாம் விடுவித்து வைத்திருக்கிறான். இடது ஆக்ஸில் வெளியே வந்துவிட்டது. வலதை இன்னும் தொடவில்லை.

"அப்ப புது உறையெல்லாம் வேணாம். கழட்டினதை அப்படியே திரும்ப மாட்டு. கடகடன்னாலும் ஓடும்ல?"

"ஓடும்ணே. அரை மணி நேரத்துல மாட்டிடலாம்."

எண்ணெய் படாத புஜத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் ஏதோ ஆட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிற மாதிரி முற்றத்துக்கு வந்தோம்.

சைகால் காரின் வலது பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். கையில் கடப்பாரை. அவளுக்கு முன்னால் சாக்கின் மேல் வலது ஆக்ஸில் கிடந்தது.

"இதையும் எடுத்துட்டேங்க," என்றாள். "ஒரே நெம்புதான். வந்துடுச்சு."

இந்தக் காரில் இரண்டு ஆக்ஸிலையும் ஒன்றாக வெளியே எடுக்கக் கூடாது. கியர் பாக்ஸுக்குள்ளே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பல்சக்கரங்கள், அவற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது ஆக்ஸிலின் நுனி மட்டும்தான். ஒன்றை எடுத்தால் அதைத் திரும்ப மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். இல்லையென்றால் அந்த ஓட்டையில் ஒரு மரக்கட்டையாவது செருக வேண்டும். இரண்டும் வந்துவிட்டால் உள்ளே பல்சக்கரங்கள் நழுவிப் புரண்டுவிடும். பிறகு ஆக்ஸிலைச் செருக இடம் கிடையாது, ராசி இருந்தால் விரலைவிட்டு நிமிர்த்தலாம். ராசி இல்லாவிட்டால் கியர் பாக்ஸையே இறக்கிப் பிரிக்க வேண்டும், அது ஒரு நாள் வேலை. அவளுக்கு இது தெரிய வழியில்லை. எப்போதும் அவள் விளக்குப் பிடித்திருக்கிறாள், பார்த்த வேலையைச் செய்திருக்கிறாள்.

எசென்குல் குனிந்து ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். விரலை எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஸ்பேனர் காணாமல் போனாலே தெருவைக் கூட்டுகிறவன் அவன். நானும் காத்திருந்தேன். அவன் திட்டவில்லை.

"பரவால்ல," என்றான். "உங்கப்பாவுக்குக் கொஞ்சம் முடியலையாம். வண்டி ரெடியானதும் போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

சைகால் அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் காரின் பம்பரைப் பார்த்தேன். அவள் கடப்பாரையைச் சாக்கில் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"அப்ப போர்சோக் பொரிச்சிடறேன்," என்றாள். "அப்பா வீட்டுக்கு வெறுங்கையோட எப்படிப் போறது." மாவுத் துண்டுகளைப் பொரிக்க உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் இரண்டு பேரும் அடியில் புகுந்தோம். தரையின் குளிர் முதுகு வழியாக எலும்புக்குள் இறங்கியது. அவன் இடது பக்கம், நான் வலது பக்கம். ஓட்டைக்குள் இரண்டு விரல்தான் போகும். அதற்குள் பல்சக்கரத்தைத் தடவிப் பிடித்து நிமிர்த்தி, நேராக நிற்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் விரலாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். கம்பியை வளைத்துப் பார்த்தோம். ஸ்பீக்கர் ஒன்றை உடைத்துக் காந்தத்தை எடுத்து குச்சியில் கட்டிப் பார்த்தோம். என் பக்கத்தது நிமிர்ந்தால் அவன் பக்கத்தது விழுந்தது. அவன் பக்கத்தது நின்றால் என் விரல் மரத்துப்போய் நழுவியது.

இடையில் வேறு வண்டிக்கும் முயற்சி செய்யாமல் இல்லை. சந்தை நாளில் எங்கள் ஊரில் கோழி கூட மிஞ்சாது, எல்லாம் விடியும் முன்பே போய்விடும். என் மனைவியே கம்பளிக் காலுறை விற்கப் போயிருந்தாள். சந்தை இருப்பது பள்ளத்தில், போன் பிடிக்காது. ஒரே ஒருத்தன் எடுத்தான். காரோடு சேர்த்து ஆட்டையும் விற்றுவிட்டானாம், திரும்பிவர எங்கள் வண்டி வருமா என்று எங்களையே கேட்டான். மாவட்டத் தலைநகரிலிருந்து டாக்ஸி வரச் சொன்னோம். மேலே ஏறி வந்து, பிறகு கணவாய் ஏற வேண்டுமென்றால் சாயங்காலம் ஆகிவிடும் என்றான் டிரைவர். எசென்குல் போனைப் பனியில் எறியப் போனான், பிறகு பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டிலிருந்து எண்ணெய் காயும் வாசனை வந்தது. செத்தவர்களுக்காக எண்ணெய் வாசனை கிளப்புவது எங்கள் வழக்கம். இது அதற்காக இல்லை, உயிரோடு இருக்கிற மனிதர் டீயில் தொட்டுத் தின்பதற்காகப் பொரிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்ப முடியவில்லை.

அந்த மனிதரை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். சைகாலின் முதல் குழந்தை பிறந்து தங்காமல் போன வருஷம். கணவாயில் வண்டி போகாத பனி. அவர் குதிரையில் வந்தார். மீசையெல்லாம் பனிக்கட்டி. மகளுக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்தார். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவள் தலையை மோந்துவிட்டு அதே குதிரையில் திரும்பிப் போனார். இப்படி ஒரு அப்பன் எனக்கு இருந்திருந்தால் நான் என்னவோ ஆகியிருப்பேன் என்று அன்றைக்கு என் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். அவரை மண் மூடுவதற்கு முன்னால் அந்தப் பெண் ஒரு தடவை பார்க்க வேண்டும், அதற்கு இந்த இரண்டு பல்சக்கரமும் ஒரு நிமிஷம் நின்றால் போதும்.

"நின்னுடுச்சுண்ணே," என்றான் எசென்குல் திடீரென்று. "அசையாதீங்க. ஆக்ஸிலைக் குடுங்க."

ஒரு கையால் என் பக்கத்துப் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆக்ஸிலைத் தள்ளினேன். அவன் நுனியை ஓட்டையில் வைத்தான். மெதுவாகத் திருப்பினான். பற்கள் பிடிக்கிற சின்ன உரசல் எனக்கும் கேட்டது. மரச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினான். உள்ளே ஏதோ கழன்று, எண்ணெய் வடிந்த இடத்தில் உருண்டு, ஆழத்தில் போய் நின்றது.

அவன் ஆக்ஸிலை உருவிச் சாக்கில் கிடத்தினான்.

"இறக்கிடலாமாண்ணே? கியர் பாக்ஸை?"

"இறக்கினா ராத்திரி ஆயிடும்டா."

"தெரியும்."

அப்போதுதான் எங்கள் மசூதியில் பதிவுசெய்து வைத்த மத்தியானத் தொழுகை அழைப்பு தானாக ஒலித்தது. ஒலிபெருக்கி கரகரவென்றது. கணவாய்க்கு அந்தப் பக்கமும் இதே நேரம்தான். எசென்குல் மல்லாந்து படுத்தபடி கண்ணை மூடிக்கொண்டான். அழைப்பு முடிந்தது. அவன் சுத்தியலை எடுத்து, சாக்கில் கிடந்த ஆக்ஸிலைப் பக்கத்தில் இழுத்து, அதன் மேல் தட்ட ஆரம்பித்தான். டொக். டொக். தட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை. முதலில் எனக்குப் புரியவில்லை. சத்தம் நின்றால் வெளியே வர வேண்டும், வந்தால் அவளிடம் சொல்ல வேண்டும். அதனால் தட்டிக்கொண்டிருந்தான்.

என்னால் அங்கே படுத்திருக்க முடியவில்லை. முனகிக்கொண்டு வெளியே ஊர்ந்து வந்தேன். சைகால் முற்றத்தில் நின்றாள். கருநீல உடை, தலையில் இறுக்கிக் கட்டிய கருநீலத் துணி. அப்பாவைப் பறிகொடுத்த மகள்கள் உடுத்துகிற நிறம். கையில் துணி மூட்டை, அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"தொழுகை ஆயிடுச்சுல்ல அண்ணே," என்றாள்.

"இன்னும் கொஞ்சம் வேலைதாம்மா. இப்ப முடிஞ்சிடும்," என்றேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"அவர் போனை எடுத்துக்கிட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி போனப்பவே எனக்குத் தெரியும்," என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், மாவு தீர்ந்துபோனதைச் சொல்கிற மாதிரி. "வேலை முடிஞ்சு சீக்கிரம் கிளம்பணுமேன்னுதான் இந்தப் பக்கத்தை நானே நெம்பி எடுத்தேன்."

அடியில் சத்தம் நின்றது.

"ஊர்ல பெரியவங்க யாருமில்ல. எல்லாரும் சந்தைக்குப் போயிட்டாங்க. நீங்கதான் இருக்கீங்க." அவள் மூட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிடுங்கண்ணே. யாராவது சொன்னாத்தானே நான் அழ முடியும்."

நான் தொண்டையைச் செருமினேன். பனியைப் பற்றி ஏதாவது பேசி ஆரம்பிக்க வேண்டும், அதுதான் முறை. மலைப்பக்கம் பார்த்தேன், வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. கணவாய் முழுக்க வெயில். காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த எசென்குலின் பூட்ஸ் கால்கள் இரண்டும் மெல்ல மடங்கின. ஒன்றன்பின் ஒன்றாக வண்டிக்கு அடியில் போய்விட்டன.