சுரபுன்னைக்கு மூன்று சென்ட்

சுரபுன்னைக் காடு கரையை விட்டுக் கிளம்பி வந்து தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்று மூன்று நாள் ஆகிறது. கடல் ஏறிக்கொண்டே வந்தால் மரங்கள்தான் என்ன செய்யும்? பின்னால் நகர்ந்தாக வேண்டும். பின்னாலோ இறால் பண்ணை, தார் ரோடு, கல்யாண மண்டபம். ஆகவே மனு.

துணைக்குக் காத்தாயி வந்திருந்தாள். உப்புத் தண்ணீரில் நிற்கும் அந்த மரங்களின் வேர்களுக்கிடையே வெறுங்கையால் தடவி இறால் பிடித்துப் பிழைப்பவள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்திருந்தாள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருந்தால் பறிக்கு வாய்தானே இடம்? அவள் ஆட்களின் வழக்கம் அது.

ஐந்து மணிக்குள் மனை காட்டாவிட்டால் காட்டின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும் என்று பலகையில் எழுதியிருந்தது.

காட்டைத் தொடர்ந்து கடலும் வந்துவிட்டதால் ஆபீசுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கிளார்க் வரதராசன் நாற்காலியில் சம்மணம் போட்டிருந்தார்.

"இதனால ஊருக்கு என்னம்மா பிரயோசனம்? ஆதாரம் வேணும்."

காத்தாயி மேசைக்கடியில் கையை விட்டாள். தண்ணீரைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. வேரிடுக்கில் துழாவி எடுத்த இறாலை ஃபைல் மேல் வைத்தாள். அது துள்ளியது. வரதராசன் அதற்கு ஓர் எண் போட்டார்.

"ஒண்ணு பத்தாது."

அப்போது வாசலுக்குப் புயல் வந்தது. வேர்களில் அதன் கால் மாட்டிக்கொண்டது. உள்ளே மின்விசிறி அளவுக்குத்தான் அதனால் வீச முடிந்தது. வரதராசன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

காத்தாயி வாயிலிருந்த பறியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலைக் காட்டினாள். "இது ரெண்டு சார்."

"சரி. மனை?"

காடு தலை குனிந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. புயலுக்கே குனியாத காடு.

பதினோரு வருஷம் இதே மேசை முன்னால் நின்று, போன மாதம் வாங்கிய பட்டா மடியில் இருந்தது. மூன்று சென்ட். அவள் வம்சத்திலேயே முதல் பட்டா. எடுத்து நீட்டினாள்.

"என் மனைல நிக்கட்டும்."

"மூணு சென்ட்ல முழுக் காடா?"

"அடங்கி நிக்கும் சார். எங்களுக்குப் பழக்கந்தான்."

"நீ எங்க இருப்ப?"

"அதுங்கூடத்தான்."

வரதராசன் குடும்ப அட்டைப் படிவத்தை எடுத்தார். "குடும்பத் தலைவி?"

"நானு."

"உறுப்பினர் எத்தன பேரு?"

"எறங்கி எண்ணிக்குங்க."

மணி நாலு ஐம்பத்தைந்து. வரதராசன் முத்திரையைக் குத்திவிட்டு, பேண்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். ஒவ்வொரு மரமாகப் பெயர் கேட்டார். சொல்லிவிட்டு, கேட்காமலே, "காத்தாயி வீடு" என்றும் சொன்னது ஒவ்வொரு மரமும். வரிசையின் கடைசி கண்ணுக்குத் தெரியவில்லை.

அவர் நாற்காலி காலியாக இருந்தது. காத்தாயி அதில் உட்கார்ந்தாள். பதினோரு வருஷமாக அந்த ஆபீசில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை.