வசீல் சுர்கானின் வலது கை

மார்ச் மாதம் மன்றத்தில் ஒரு தீர்மானத்தை ஆதரித்து வசீல் சுர்கான் தூக்கிய வலது கை பிறகு இறங்கவே இல்லை. நீஸ்டர் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கும் எங்கள் நாட்டை உலகம் உடனே அங்கீகரிக்க வேண்டும் என்பது தீர்மானம். ஆண்டுதோறும் அதை நிறைவேற்றுகிறோம். உலகத்துக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. வசீல் எங்கள் ஊர் மாட்டு வைத்தியர், மன்றத்தில் ஒற்றுமை இயக்கத்தின் உறுப்பினர். இயக்கத்தில் இல்லாதவர் எங்களில் யார்? ரொட்டிக் கடை, பெட்ரோல் பங்க், கால்பந்து அணி எல்லாமே இயக்கத்துடையவை. எதிர்க்கட்சி ஒன்றும் இருந்தது; அதன் அலுவலக வாடகையை இயக்கமே கட்டியது.

டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, நல்ல ஆரோக்கியமான கை என்றார். இயக்கம் பூரித்துப்போய் அந்தக் கையைச் சுவரொட்டியில் போட்டது. மனைவி ரயீசா சட்டைகளைப் பிரித்து வலது தோளை மேல்நோக்கித் தைத்தாள். நாங்களும் சும்மா இருக்கவில்லை. ஒயின் கடையில் அவரைப் பார்த்தால், "இன்னிக்கு யார் செலவு?" என்று கேட்டுவிட்டுக் கூரையைப் பார்ப்போம். சிரித்துக்கொண்டே வாங்கித் தருவார்.

கோடையில், ஆற்றைக் கடக்கும் எங்கள் ஊர்ப் படகை நிறுத்தும் தீர்மானம் வந்தது. மறுகரை, உலகம் ஒப்புக்கொண்ட நாடு. வசீலின் மகள் இலியானா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள், நிறைமாதம்.

"ஏங்க, இதுக்காவது வேணாம்னு சொல்லுங்க," என்றாள் ரயீசா.

வசீல் சொன்னார். மன்றத்தில் எழுந்து நின்று, "நான் இதை எதிர்க்கிறேன்," என்றார். அந்த மண்டபத்தில் அதுவரை யாரும் உச்சரிக்காத சொல் அது.

அவைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "கையத் தூக்கிட்டு எதிர்க்கிறேன்னா எப்படி, தோழர்? எந்தக் கணக்குல சேக்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. படகைச் சங்கிலி போட்டுத் துறையில் பூட்டினார்கள். ஊரில் நாங்கள், படகு கொஞ்சம் பழசுதான் என்று பேசிக்கொண்டோம்.

குழந்தை பிறந்ததாகத் தொலைபேசி வந்த காலையில் வசீல் துறைக்குப் போய் ஆற்றைப் பார்த்து நின்றார். கையை என்ன செய்ய முடியும், அது தூக்கியபடியே இருந்தது. சங்கிலி தானாகக் கழன்றது. படகு, ஓட்டுபவர் இல்லாமலே, தண்ணீரில் திரும்பி அவர் காலடியில் வந்து நின்றது.

காவல் சிப்பாய் தொப்பியைச் சரிசெய்தான். "படகை நிறுத்தியாச்சுண்ணே."

"நான் கூப்பிடலப்பா. அதுவா வந்துச்சு."

சிப்பாய் யோசித்தான். கை தூக்கியவரைத் தடுக்கச் சொல்லி அவனுக்கு உத்தரவு இல்லை. ரயீசா பாலாடைக்கட்டியும் கோழியுமாக ஏறினாள். வேலை இருந்ததோ இல்லையோ, பின்னாலேயே நாங்களும் ஏறினோம்.

இப்போது காலையும் மாலையும் அவர் துறையில் நிற்கிறார், படகு போய்வருகிறது. மன்றத்துக்கு அவர் போவதில்லை. அவர் வாக்கை ஆதரவில்தான் சேர்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மறுகரையில் மகள் வீட்டு முற்றத்தில் வெயிலில் உட்கார்ந்திருப்பார். பேத்தியின் துணிகளை அலசி, அந்தக் கையில்தான் காயப்போடுகிறாள் இலியானா.